குமிழக் கழட்டிட்டு ஓட்டுங்க பாப்போம்

அந்த வீட்ல ஒரே ஒரு பழமொழிக்குத் தடை உண்டு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்கிறதுதான் அது. யார் சொன்னாலும் சரி, விருந்தாளியா வந்தவங்களே சொன்னாலும் சரி, அன்னிக்குப் பாத்திரம் மொத்தத்தையும் அவங்கதான் கழுவணும். சட்டம் போட்டது வீட்டம்மா. அவங்க உயரம் நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன அன்னிக்கு, வேலை கிடைச்ச அன்னிக்கு, கல்யாணத்தன்னிக்குன்னு கையில மைக் கிடைச்ச அத்தனை பேரும் இந்தக் கடுகத்தான் எடுத்து விட்டிருக்காங்க. "என்னப் பாத்தாலே இவங்களுக்கு அஞ்சறைப் பெட்டி ஞாபகம்தான் வருமா?"ன்னு அந்தம்மா கேப்பாங்க.

அவங்களுக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல. நடக்க முடியாதவங்க, வயசானவங்க வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துட்டு வரணும். வெறும் வயித்துல எடுக்குற ரத்தம்ங்கிறதால பொழுது வெளுக்கும்போதே கிளம்பிருவாங்க. நரம்பே கிடைக்காத கையில கூட ஒரே குத்துல எடுத்துருவாங்கன்னு பேரு. அதனால ஊர்ல எல்லாருக்கும் அவங்க ஊசியக்கா.

வீட்டுக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஆள் ஆறடிக்கு மேல, பந்தக்கால் மாதிரி. ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தா ஆச்சரியக்குறி நடந்து வர்ற மாதிரி இருக்கும்னு எதுத்த வீட்டுக்காரர் சொல்லுவார். மேல கோடு இவரு, கீழ புள்ளி அவங்க. கண்ணாடிக்காரருக்கு அதுக்குக் கோவமே வராது. சொல்லப்போனா உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான்.

அவருக்குக் கார் ஓட்ட வராது. கத்துக்கப் போனாரு. எது தெரிஞ்சாலும் பிரேக்க மிதிப்பாரு. ரோட்ல நாய் வந்தா மிதிப்பாரு, நாய் வர்ற மாதிரி தோணுனா மிதிப்பாரு. சொல்லிக்குடுத்தவரு கடைசியா கைகூப்பி, "சார், உங்களுக்குக் கோடி புண்ணியம், பஸ்ல போங்க"ன்னுட்டாரு. அதனால அந்த வீட்டு டிரைவர் ஊசியக்காதான். இவருக்குப் பக்கத்து சீட்டு. பக்கக் கண்ணாடியப் பாத்து, "வரலாம், வரலாம், இன்னும் ஒரு சாண் இருக்கு"ன்னு சொல்றது இவரு உத்தியோகம்.

கார் புதுசு, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். ஊசியக்கா தன் சம்பாத்தியத்துல, தன் பேர்ல வாங்குனது. அதுக்குத் தோதா மூணு சாமான் செஞ்சு குடுத்தது அவங்க தம்பி. அவனுக்கு வெல்டிங் பட்டறை, இரும்புக் கேட் செய்யிற தொழில். அக்கா கால் எட்டுறதுக்கு ரெண்டு பெடல் மேலயும் ரப்பர் ஒட்டுன அலுமினியக் கட்டை. கண்ணாடி வழியா ரோடு தெரியுறதுக்கு சீட்டுக்கு அடியில ஒரு பீடம். ஒத்தக் கையால வளைச்சுத் திருப்ப ஸ்டீயரிங் வளையத்துல ஒரு குமிழ், எலுமிச்சம்பழம் அளவுக்கு. மூணையும் கிளிப்பு வச்சு செஞ்சிருந்தான். மாமா என்னிக்காவது ஓட்டக் கத்துக்கிட்டா சட்டுன்னு கழட்டலாமாம். மாமா கத்துக்கவும் இல்ல, கிளிப்ப யாரும் தொடவும் இல்ல.

லைசென்ஸ் குடுத்த அதிகாரி அந்தக் கட்டைகள அமுக்கிப் பாத்து, ஆட்டிப் பாத்து, அதோடயே ஓட்டச் சொல்லிப் பாத்துதான் பாஸ் போட்டாரு. கார் வித்த ஷோரூம்லயே உக்காந்துதான் தம்பி அளவெடுத்தான். அன்னிக்கு சேல்ஸ்ல இருந்தவன், "தாராளமா மாட்டிக்கங்க மேடம், உங்க கார் உங்க இஷ்டம்"னு டேப்பக் கூடப் பிடிச்சுக் குடுத்தான்.

விக்கிறப்ப ஒரு நாக்கு, ரிப்பேருன்னா ஒரு நாக்கு. அது பின்னாடிதான் தெரிஞ்சுது.

கொஞ்ச நாளா ஸ்டீயரிங் திடீர் திடீர்னு இறுகிப் போக ஆரம்பிச்சுது. ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்ச விளக்கு எரியும். அவ்வளவுதான், அதுவரைக்கும் வெண்ணெயா திரும்புனது அம்மிக்கல்லு ஆயிரும். வண்டிய நிறுத்தி ஆற விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். முதல் தடவ சர்வீஸ்ல விட்டப்ப, "ஓட்டிப் பாத்தோம், ஒரு குறையும் இல்ல"ன்னு கழுவித் துடைச்சுக் குடுத்துட்டாங்க. ரெண்டாவது தடவ விட்டப்பதான் உள்ள எட்டிப் பாத்திருக்காங்க. குமிழப் பாத்ததும் அவங்களுக்குப் புதையல் கிடைச்ச மாதிரி ஆயிருச்சு.

"சார், இது வாரண்டில வராது சார்."

சொன்னது சர்வீஸ் கவுண்டர்ல டை கட்டி உக்காந்திருந்த இளைஞன். மேசை உயரம். ஊசியக்கா அதுக்கு முன்னாடி நின்னா அவன் உக்காந்த இடத்துல இருந்து நெத்திதான் தெரியும். அதனாலயோ என்னமோ, பேச்சு பூராவும் கண்ணாடிக்காரரப் பாத்துதான்.

"ஏன் வராது?"ன்னு கேட்டது ஊசியக்கா.

"வெளியில செஞ்ச ஃபிட்டிங் போட்டிருக்கீங்க சார். ஸ்டீயரிங்ல குமிழ் போட்டா ஒரு பக்கமா இழுவை விழும். ஸ்டீயரிங்கத் திருப்பிக் குடுக்குற மோட்டார் போயிரும் சார்."

"தம்பி," ஊசியக்கா பக்கத்துல கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போட்டு, செருப்பக் கழட்டிட்டு அது மேல ஏறி நின்னாங்க. இப்ப அவங்கதான் அவனக் குனிஞ்சு பாத்தாங்க. "கார் என் பேர்ல இருக்கு. ஓட்டுறது நான். இவருக்கு ஹாரன் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது. என்னப் பாத்துப் பேசுங்க."

"ஹாரன் தெரியும்மா"ன்னு கண்ணாடிக்காரர் முணுமுணுத்தாரு.

"சாரி மேடம். ரூல் அப்படி."

"ரூல் எப்படி? கண்ணுல வலின்னு டாக்டர்கிட்ட போறோம். காதுல கம்மல் போட்டிருக்கீங்க, அதனால கண்ணப் பாக்க மாட்டேன்னு அவரு சொல்லுவாரா?"

பின்னாடி வரிசையில நின்ன ஒரு பெரியவர் சிரிச்சுட்டாரு. டைக்காரனுக்குக் காது சிவந்துருச்சு. எழுந்து போய் மேனேஜரக் கூட்டிட்டு வந்தான்.

மேனேஜர் கெட்ட மனுஷன் இல்ல. பேச்சு தேனா இருந்துச்சு. கூட வந்திருந்த தம்பியையும் சேத்து மூணு பேரையும் கண்ணாடி அறைக்குள்ள உக்கார வச்சாரு, தண்ணி குடுத்தாரு. ஊசியக்கா கால் தரையில எட்டாம ஆடுறதப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்தாரு.

"மேடம், கம்ப்யூட்டர்ல பழைய பிழை ஒண்ணு பதிவாயிருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க ஆள் ஓட்டுனப்ப வரல. அப்ப இது மோட்டார் கோளாறா, உங்க ஃபிட்டிங் செஞ்ச வேலையான்னு கம்பெனி கேக்கும். நான் உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். மாட்டியிருக்கிறதெல்லாம் கழட்டிருங்க. 'இந்த ஃபிட்டிங்காலதான் கோளாறு வந்துச்சு, இனிமே போட மாட்டேன்'னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. நல்லெண்ணத்துல இந்த ஒரு தடவ இலவசமா மாத்தித் தர்றோம்."

கண்ணாடிக்காரருக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கையெழுத்துதானே, போட்டா தீந்துச்சு. வீட்டுக்குப் போனதும் மச்சான் திரும்ப மாட்டிக் குடுத்துரப் போறான். அவரு பொண்டாட்டி பக்கம் சாஞ்சு மெதுவா, "போட்டுரும்மா. நாளைக்கே மாட்டிக்கலாம்"னாரு.

ஊசியக்கா அவரத் திரும்பிப் பாத்தாங்க. கோவமா பாத்திருந்தாக் கூடத் தாங்கியிருப்பாரு. இவரா இதச் சொல்றாருங்கிற மாதிரி பாத்தாங்க.

"ஏங்க, நல்லா யோசிங்க. நாளைக்கு எவனோ பின்னாடி வந்து என் கார்ல இடிக்கிறான். தப்பு யார் பேர்ல வரும்? 'இந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்கு, இவங்க கட்டை வச்சு ஓட்டுறதே ஆபத்துன்னு.' இன்சூரன்ஸ்காரன் அந்தத் தாள எடுத்து நீட்டுவான். என் தம்பி செஞ்ச சாமான் கோளாறுன்னு என் கையால எழுதணும். நான் ஓட்டுறதே தப்புன்னு என் கையால எழுதணும். கழட்டிட்டா நான் எத மிதிச்சு ஓட்டுறது? காலைல படுத்த படுக்கையா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்க வீட்டுக்கு யார் போறது?"

கார் வாங்குன நாள்ல இருந்து அந்தப் பக்கத்து சீட்ல உக்காந்து போறவரு கண்ணாடிக்காரர். ரோட்ல எத்தன பேர் ஜன்னலுக்குள்ள எட்டிப் பாத்து, "பாப்பா ஓட்டுதா?"ன்னு கேட்டிருக்காங்க. அதுக்காக ஒரு தடவ கூட அந்தம்மா வண்டிய ஓரங்கட்டுனது இல்ல. அப்படிப்பட்ட ஆளுகிட்ட, ஓரங்கட்டுன்னு தானே சொல்லிட்டோமேன்னு அவருக்கு உறுத்துச்சு.

அவரு எழுந்தாரு. எழுந்தா அந்த அறையில விட்டம் இடிக்கும்.

"சார், கையெழுத்து கிடையாது"ன்னாரு மேனேஜர்கிட்ட. அவரு குரல் அவருக்கே புதுசா இருந்துச்சு. "வேற என்ன வழின்னு என் வீட்டம்மாகிட்ட பேசுங்க."

சொல்லிட்டு உக்காந்துட்டாரு. வெல்டிங் தம்பி மேசைக்கு அடியில மாமா முழங்கால ஒரு தட்டுத் தட்டுனான்.

ஊசியக்கா மேனேஜரப் பாத்து, "குமிழாலதான் வருதுன்னு சொல்றீங்கல்ல? கழட்டுறேன். எழுத மாட்டேன், கழட்டுறேன். மூணையும் கழட்டிட்டு உங்க ஆள் ஓட்டட்டும். நான் சொல்ற பாதையில ஓட்டணும், நாங்க பின்னாடி உக்காந்து வருவோம். விளக்கு எரியலைன்னா நீங்க சொன்னது சரி, நான் பேசாமப் போயிடுறேன். எரிஞ்சா?"ன்னாங்க.

மேனேஜர் சிரிச்சாரு. "எரிஞ்சா மாத்தித் தர்றேன் மேடம். எரியாது."

தம்பி போய்க் கிளிப்புகளத் தட்டுனான். டக்கு டக்குன்னு மூணும் கையோட வந்துருச்சு. ஒரு துணிப் பையில போட்டு மடியில வச்சுக்கிட்டான். பீடம் பெருசுங்கிறதால டிக்கியில.

டெஸ்ட் டிரைவர் வாட்டசாட்டமான ஆள். மீசையும் அதுக்கேத்த மாதிரி. பக்கத்துல டைக்காரன். பின்னாடி தம்பி, அக்கா, ஜன்னலோரம் கண்ணாடிக்காரர். அவரு முழங்கால் ரெண்டும் தாடையில இடிச்சுது. அவருக்குப் பின்னாடி சீட்ல உக்காந்தே பழக்கம் இல்ல. பாக்குறதுக்குப் பக்கக் கண்ணாடி கூட இல்லாம கையக் கட்டுன மாதிரி இருந்துச்சு.

"போன தடவ எந்தப் பக்கம் ஓட்டுனீங்க?"ன்னு ஊசியக்கா கேட்டாங்க.

"பைபாஸ்ல மேடம். அப்படிப் போய் இப்படித் திரும்பி வந்தேன்."

"காத்து வாங்கப் போயிருக்கீங்க. இது வண்டி சூடேறி, மெதுவா ஊந்து ஊந்து போகும்போதுதான் வரும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தெருவுல விடுங்க. அப்பறம் மார்க்கெட்."

விட்டாரு. ஆஸ்பத்திரித் தெருவுல ஆம்புலன்ஸ், தள்ளுவண்டி, குறுக்க நிக்கிற ஸ்கூட்டர். ஊந்து ஊந்து போச்சு. விளக்கு எரியல. மார்க்கெட்ல வெங்காய லாரி ஒண்ணு பின்னாடி எடுக்குறதுக்காக ரொம்ப நேரம் நின்னாங்க. எரியல. கார் தங்கமா ஓடுச்சு.

"சொன்னேன்ல மேடம், குமிழக் கழட்டுனதும் சரியாப் போச்சு"ன்னான் டைக்காரன், திரும்பாமலே.

"பல்லு வலிக்குதுன்னு டாக்டர் வீட்டு வாசல மிதிச்சா வலி நின்னுருமாம். அந்தக் கதையா இருக்குக்கா"ன்னு தம்பி காதக் கடிச்சான்.

"சும்மா இருடா."

சும்மா இருடான்னு சொன்னாங்களே தவிர, ஊசியக்கா கை கண்ணாடிக்காரர் சட்டை முனையப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஊசி போடுற கை அது, நடுங்கவே கூடாத கை. அது சட்டையக் கசக்குது. விளக்கு எரிஞ்சுறணும்னு அவரு வேண்டிக்கிட்டாரு. சொந்தக் கார் ரிப்பேர் ஆகணும்னு வேண்டிக்கிட்ட மனுஷன் உலகத்துலயே இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

எரியல. சர்வீஸ் சென்டர் வந்துருச்சு.

அந்த சர்வீஸ் சென்டருக்குப் போறதுக்கு ஒரு சரிவு உண்டு. வாசல்ல இருந்து இறங்கி, குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு, கீழ்த்தளத்துக்குள்ள போகணும். ரெண்டு பக்கமும் சுவர். டெஸ்ட் டிரைவர் தினம் ஆயிரம் தடவ இறங்குற இடம். விசில் அடிச்சுக்கிட்டே இறக்குனாரு. வளைவுல பாதி திரும்புனதும் விசில் நின்னுச்சு.

மஞ்ச விளக்கு எரிஞ்சுது.

"எரிஞ்சுருச்சு!"ன்னு தம்பி கத்துனான், லாட்டரி விழுந்த மாதிரி.

"இருங்க, இருங்க"ன்னு டெஸ்ட் டிரைவர் பிரேக்கக் கெட்டியா மிதிச்சாரு. கார் சரிவுல குறுக்க நின்னுச்சு. மூக்கு ஒரு சுவரப் பாத்து, வாலு இன்னொரு சுவரப் பாத்து. அவரு ஸ்டீயரிங்கத் திருப்புனாரு. வரல. ரெண்டு கையும் போட்டு இழுத்தாரு, கழுத்து நரம்பு புடைச்சுது. ஒரு அங்குலம் வந்துச்சு. விட்டா பழைய இடத்துக்குப் போச்சு.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுண்ணே"ன்னான் டைக்காரன். பண்ணாரு. விளக்கு அணையல. நல்லா சூடேறிக் கிடந்துச்சு.

அதுக்குள்ள பின்னாடி ஒரு கார் இறங்கி வந்து நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. கீழ இருந்து சர்வீஸ் முடிச்ச வண்டி ஒண்ணு மேல ஏற வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. ஹாரன் சத்தம் சுவர்ல மோதி மோதித் திரும்ப வந்துச்சு. மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாரு.

"என்னய்யா பண்ற? எடு வண்டிய!"

"திரும்ப மாட்டேங்குது சார். கல்லு மாதிரி இருக்கு."

"நாலு பேர் தள்ளுங்க!"

"சரிவுல எங்க சார் தள்ளுறது? தள்ளுனா சுவர்லதான் போய் ஒட்டும்."

ஊசியக்கா பின் கதவத் திறந்து இறங்குனாங்க. "அண்ணே, ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு இறங்குங்க"ன்னாங்க. அப்பறம் தம்பியப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அவன் அதுக்குள்ள டிக்கியத் திறந்திருந்தான். பீடம், கட்டை ரெண்டு, கடைசியா குமிழ். போட்டு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ ஆட்டிப் பாத்தான்.

"மேடம், வேணாம். ரிஸ்க்"னாரு மேனேஜர். "எங்க ஆளாலயே முடியல."

"உங்க ஆள் நின்ன இடத்துலயே திருப்புறாரு சார். சக்கரம் உருளாம திருப்புனா எவனாலயும் முடியாது. ரெண்டு மூணு வாரமா இப்படி நடுரோட்ல இறுகும்போதெல்லாம் ஓரத்துக்குக் கொண்டு வந்து நிறுத்துனது யாருன்னு நினைக்கிறீங்க?" சீட்ல ஏறி உக்காந்தாங்க. "என்னங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்க. கண்ணாடி யார் பாக்குறது?"

டைக்காரன் இறங்கி வழி விட்டான். கண்ணாடிக்காரர் தன் சீட்ல உக்காந்தாரு. இத்தன ஹாரனுக்கு நடுவுல அந்த சீட்டு அவருக்கு மடி மாதிரி இருந்துச்சு. பக்கக் கண்ணாடியத் தன் கண்ணுக்கு நேரா வச்சாரு.

"பின்னாடி எவ்வளவு?"

"முழம் இருக்கும்மா. வா."

ஊசியக்கா பிரேக்க ஒரு மயிரிழை விட்டாங்க. கார் ஊந்துச்சு. ஊர்ற அந்த நொடியில குமிழப் பிடிச்சுப் பாதி எழுந்து நின்னு, உடம்பு மொத்தத்தையும் அது மேல சாச்சு ஒரு சுத்து. பிரேக். மறுபடி ஒரு மயிரிழை, மறுபடி ஒரு சாய்வு. வளையத்த மட்டும் பிடிச்சிருந்தா கைய எடுத்து எடுத்து மாத்தணும், மாத்துற நேரத்துல திரும்புனது நழுவிரும். குமிழ்ல கை நழுவல. கிணத்து ராட்டினம் மாதிரி அது சுத்தி வந்துச்சு.

"முன்னாடி மூலை?"

"ஒரு சாண். வரலாம். வரலாம். அரைச் சாண். நிறுத்து!"

நிறுத்துனாங்க. ரிவர்ஸ் போட்டு ஒரு கை அளவு பின்னாடி. திரும்ப முன்னாடி. நெத்தியில இருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டுச்சு, துடைக்கல. மேல நின்னவங்க ஹாரன் அடிக்கிறத நிறுத்தியிருந்தாங்க. ஒருத்தர் கார விட்டு இறங்கி சுவத்தப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாரு.

கண்ணாடிக்காரர் கண்ணாடியப் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. இருந்தாலும் ஓரக்கண்ணுக்கு அந்தம்மா முகம் தெரிஞ்சுது. நரம்பு தேடும்போது வர்ற முகம் அது. உதட்டக் கடிச்சு, உலகத்துல வேற ஒண்ணும் இல்லாத முகம். நெஞ்சு கொள்ளல மனுஷனுக்கு. சத்தமா எதையாச்சும் சொல்லணும் போல இருந்துச்சு. என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும். சொன்னா தண்டனை என்னன்னும் தெரியும். வாய மூடிக்கிட்டு, "வரலாம்மா, வரலாம்"னு மட்டும் சொன்னாரு.

மூக்கு சுவத்த விட்டு விலகுச்சு. கார் நேராச்சு. வளைவத் தாண்டி அப்படியே இறக்கி, கீழ்த்தளத்துல ரெண்டு மஞ்சக் கோட்டுக்கு நடுவுல நிறுத்துனாங்க. கோட்டுல இருந்து விரல் அகலம் கூடப் பிசகல.

டெஸ்ட் டிரைவர் சரிவுல ஓடியே வந்துட்டாரு. சட்டை உடம்போட ஒட்டியிருந்துச்சு. "அம்மா, நான் லாரி ஓட்டுனவன். சின்ன வயசுல பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு நாங்களும் இப்படித்தான் குமிழ் போட்டு ஓட்டுவோம். மறந்தே போச்சும்மா. அதான் பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, கடுகு சிறுத்தாலும்..."

"ஐயோ, அண்ணே!"ன்னு தம்பியும் கண்ணாடிக்காரரும் ஒண்ணா கத்துனாங்க.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல"ன்னாங்க ஊசியக்கா, சீட்ல இருந்து குதிச்சு. "இன்னிக்கு உங்க வீட்ல நீங்கதான் பாத்திரம் கழுவணும். போய் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, நான் சொன்னேன்னு."

அவரு முழிச்சாரு. அப்பறம் ஏதோ புரிஞ்ச மாதிரி, "சரிம்மா"ன்னு தலைய ஆட்டுனாரு.

மஞ்ச விளக்கு எரிய எரியவே மெக்கானிக் வந்து வயரச் சொருகி, கம்ப்யூட்டர்ல பாத்தாரு. மோட்டார்ல உள்ள சூடு தாங்காம ஒரு இணைப்பு விட்டு விட்டுப் போகுதுன்னாரு. குமிழுக்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மேனேஜர் கேட்டுக்கிட்டு நின்னாரு. கேட்டு முடிச்சு, கண்ணாடிக்காரரத் தாண்டி வந்து, ஊசியக்கா முன்னாடி கொஞ்சம் குனிஞ்சு நின்னாரு.

"மேடம், மோட்டார வாரண்டில மாத்தித் தர்றேன். நான் அவசரப்பட்டுட்டேன்."

"பரவால்ல சார்."

"ஒரே ஒரு கையெழுத்து மட்டும்..." தயங்குனாரு.

தம்பி ஒரு அடி முன்னாடி வந்தான். ஊசியக்கா கையக் காட்டி நிறுத்துனாங்க. "என்னன்னு?"

"இந்த மூணு ஃபிட்டிங்கும் எங்க கம்பெனி சாமான் இல்ல, நீங்களா மாட்டுனது, அது உடைஞ்சா எங்க பொறுப்பு இல்லைன்னு."

"இது நியாயம். குடுங்க"ன்னு வாங்கி, கார் பானெட் எட்டாததால தம்பி முதுகுல தாள வச்சு, கையெழுத்து போட்டாங்க. போட்டுட்டு ஒரு வரி சேத்து எழுதுனாங்க: "என் தம்பி செஞ்சது. ரொம்ப நல்லா செஞ்சிருக்கான்." முதுகுல எழுதுனது என்னன்னு தம்பிக்குத் தெரியல. கண்ணாடிக்காரர் படிச்சுட்டு, மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு.

வெளிய வரும்போது டைக்காரன் வாசல் வரைக்கும் வந்தான். "மேடம், வண்டி ரெடியானதும் போன் பண்றேன்"னான். மேடம்னு சொல்லும்போது மேடத்தப் பாத்துதான் சொன்னான்.

அன்னிக்கு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில மூணு பேரும் இருந்தாங்க. சரிவுல நடந்தத தம்பி மூணாவது தடவையா சொல்லிக்கிட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி வந்துக்கிட்டே இருந்துச்சு. "மாமா, நீங்க அந்த மேனேஜர்கிட்ட எழுந்து நின்னீங்க பாருங்க, நான் மின்விசிறியத்தான் பாத்தேன், தலை போயிருமோன்னு" அப்படின்னான்.

"அவரு ரெண்டே வரிதான் பேசுனாரு. போதும்"னாங்க ஊசியக்கா. சொல்லிட்டுத் தட்டப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாங்க.

கண்ணாடிக்காரர் சாப்பிட்டு முடிச்சு எழுந்தாரு. சட்டைக் கைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டாரு. மேசையில இருந்த தட்டு, கிண்ணம், டம்ளர் எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கையில எடுத்துக்கிட்டாரு. நடுக்கூடத்துல நின்னு, தொண்டையச் செருமிக்கிட்டு, எதுத்த வீட்டுக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!"

தம்பி புரையேறி இருமுனான். ஊசியக்கா ஒரு நிமிஷம் அவர அண்ணாந்து பாத்தாங்க. சிரிப்ப அடக்கிக்கிட்டது தெரிஞ்சுது.

"அடுப்பு மேல அடிப்பிடிச்ச சட்டி ஒண்ணு இருக்கு. சட்டம்னா சட்டம், அதையும் சேத்துத் தேய்க்கணும்."

"தேய்க்கிறேன்"னாரு. அடுக்களைக்குள்ள போய்க் குழாயத் திறந்து விட்டாரு. தண்ணிச் சத்தத்துக்கு மேல, உள்ள இருந்து மறுபடியும் அதே பழமொழி வந்துச்சு.